ஊர் மாறினால் ரத்தம் கொதிக்குமா?

இன்றைய பேச்சு ரத்த அழுத்தம் பற்றியது. சிலர் இதை ரத்தக் கொதிப்பு என்பார்கள். சிலர் பிரஷர் என்பார்கள். சிலர் பி.பி. என்பார்கள். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

உப்பு அதிகம் தின்றால் இந்த நோய் வரும் என்று கேட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆனால் உப்பு மட்டும்தானா காரணம்? ஊரை விட்டு வந்த கவலைக்கும் இதில் பங்கு உண்டா? ஊரை விட்டு நகராதவருக்கு இது வராதா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு. ஏன் தெரியுமா? இங்கே பலர் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். 1858இல் கைதிகள் வந்தார்கள். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தார்கள். 1949 முதல் வங்காள அகதிக் குடும்பங்கள் வந்தன. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் ஏற்பட்டது. அதன்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ்.

வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே வாழும் நிக்கோபார் மக்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்.

கப்பலில் வந்த கொத்தனார்

ஒரு கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் கதைக்காகச் சொல்லப்படுபவர். ஆனால் இவரைப் போலப் பலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவருக்கு வயது 42. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மழை பொய்த்தது. கடன் ஏறியது. சென்னையில் கப்பல் ஏறினார். மூன்று நாள் பயணம். போர்ட் பிளேரில் இறங்கினார். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டதே, அதே ஊர்தான்.

ஜங்லிகாட்டில் ஒரு அறை. அதில் ஆறு பேர். காலை ஏழு மணிக்கு வேலை. மேஸ்திரி சொல்வதுதான் சட்டம். நாளை வேலை உண்டா, இல்லையா? இரவுதான் தெரியும். ஊரில் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். மாதம் பிறந்தால் வட்டி கட்ட வேண்டும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அதை நினைத்து நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

ஒருநாள் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு நர்ஸம்மா வந்தார். எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார்.

"உட்காருங்க அண்ணே. அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க."

"எனக்கு எதுக்கும்மா? ஒரு தலைவலி கூடக் கிடையாது. சிமென்ட் மூட்டையை ஒத்தையாளாத் தூக்குவேன்."

நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டினார். காற்று அடித்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

"160க்கு 100 இருக்கு அண்ணே. நாளைக்கும் பார்க்கணும். ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

கொத்தனார் பதில் சொல்லவில்லை. கீழே பார்த்தார்.

ரத்த அழுத்தம் என்றால் என்ன?

இதயம் ஒரு பம்பு. அது ரத்தத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. தள்ளும்போது குழாயின் சுவரை ரத்தம் அழுத்துகிறது. அந்த விசைதான் ரத்த அழுத்தம். அது எல்லோருக்கும் உண்டு. உயிர் வாழ அது வேண்டும். அளவுக்கு மேல் போனால்தான் நோய்.

அளக்கும்போது இரண்டு எண்கள் சொல்வார்கள். இதயம் சுருங்கும்போது இருப்பது மேல் எண். இதயம் விரியும்போது இருப்பது கீழ் எண். 120க்கு 80 நல்ல அளவு. வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உயர் ரத்த அழுத்தம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது.

ரத்தக் கொதிப்பு என்று பெயர் இருந்தாலும் ரத்தம் கொதிப்பதில்லை. கோபக்காரருக்குத்தான் இது வரும் என்பதும் சரியல்ல. அமைதியாக இருப்பவருக்கும் வரும். பெரும்பாலும் வலி தெரியாது. மயக்கம் வராது. உள்ளே குழாய்கள் கெட்டுக்கொண்டே போகும். ஒருநாள் பக்கவாதம் வரும். அல்லது மாரடைப்பு வரும். சிறுநீரகம் கெடும். "தலைவலி இல்லை, அதனால் எனக்குப் பிரஷர் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

மனதுக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

இருட்டில் நடக்கிறீர்கள். காலடியில் பாம்பு போல ஏதோ கிடக்கிறது. என்ன ஆகும்? நெஞ்சு படபடக்கும். கை வேர்க்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல ஒரு சுரப்பி இருக்கிறது. பயம் வந்தால் அது ஒரு நீரைச் சுரக்கும். உடனே இதயம் வேகமாக அடிக்கும். ரத்தக் குழாய்கள் இறுகும். அழுத்தம் ஏறும். அது பாம்பில்லை, கயிறுதான் என்று தெரிந்ததும் எல்லாம் இறங்கிவிடும்.

இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இதில் கெடுதல் இல்லை.

ஆனால் கடன் பாம்பு மாதிரி ஓடிவிடாது. நாளைய வேலையைப் பற்றிய பயம் ஒரு நிமிடத்தில் தீராது. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் அது கூடவே இருக்கும். அப்போது உடம்பு ஓய்வில்லாமல் காவல் நிற்கிறது. அதோடு வேறு தீமைகளும் சேர்கின்றன. கவலையை மறக்கக் குடிக்கிறார்கள். பீடி பிடிக்கிறார்கள். புகையிலை போடுகிறார்கள். தூக்கம் குறைகிறது. சமைக்க மனமில்லாமல் கருவாடும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். இப்படிக் கவலை நேராகவும் தாக்குகிறது. சுற்றி வளைத்தும் தாக்குகிறது.

இத்தாலி நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. மடத்துக்குள்ளேயே வாழும் 144 கன்னியாஸ்திரீகளையும், வெளியே வாழும் 138 பெண்களையும் மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். 20 ஆண்டு முடிவு 1988இல் வெளிவந்தது. இரு பக்கத்தாரும் சாப்பிட்ட உப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வயது ஏற ஏற வெளியே இருந்த பெண்களுக்கு அழுத்தம் ஏறியது. மடத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. மடத்தில் அமைதி இருந்தது. நாளைய சோறு பற்றிப் பயம் இல்லை. மனநிலைக்கும் இதில் பங்கு உண்டு என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

எல்லோரும் மடத்துக்குப் போக முடியாது. போகவும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஊரை விட்டுப் போனவர்கள்

சரி, ஊர் மாறினால் அழுத்தம் ஏறுமா? இதை அறிய ஒரு நல்ல வழி உண்டு. ஒரே ஊர்க்காரர்களில் போனவர்களையும் இருந்தவர்களையும் ஒப்பிட வேண்டும். மற்றொரு தீவுக் கூட்டத்தில் அப்படிச் செய்தார்கள்.

பசிபிக் கடலில் டோக்கிலாவ் என்ற மூன்று சிறு பவளத் தீவுகள் உண்டு. மீனும் தேங்காயுமே அங்கே முக்கிய உணவு. 1966இல் பெரும் புயல் அடித்தது. பிறகு நியூசிலாந்து அரசு அங்கிருந்த பல குடும்பங்களைத் தன் நாட்டில் குடியேற்றியது. டாக்டர் இயன் பிரையர் என்பவரும் அவருடைய குழுவினரும் போனவர்களையும் இருந்தவர்களையும் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். போனவர்களுக்கு அழுத்தம் அதிகமாக ஏறியிருந்தது. எடையும் கூடியிருந்தது.

அதே குழுவினர் 1977இல் இன்னொன்றும் சொன்னார்கள். போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. தங்கள் சொந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அழுத்தம் குறைவு. புதிய ஊரின் வாழ்க்கையோடு அதிகம் கலந்தவர்களுக்கு அழுத்தம் கூடுதல்.

ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாடு இருக்கிறது. அங்கே விக்டோரியா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் லுவோ மக்கள் வாழ்கிறார்கள். வேலை தேடி நைரோபி நகரத்துக்குப் போனவர்களை மருத்துவர்கள் கவனித்தார்கள். முடிவை 1990இல் வெளியிட்டார்கள். நகரத்துக்குப் போன சில மாதங்களுக்குள்ளேயே அழுத்தம் ஏறிவிட்டது. அவர்கள் சாப்பிட்ட உப்பு கூடியிருந்தது. நாடித் துடிப்பும் கூடியிருந்தது. உணவும் மாறியது. மனமும் நிம்மதி இழந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

நம் கொத்தனாரின் கதையும் இதுதான் அல்லவா?

ஊரிலேயே இருந்தவர்கள்

அப்படியானால் ஊரிலேயே இருந்தவர்களுக்குக் கவலை இல்லையா? கார் நிக்கோபார் தீவுக்குப் போவோம்.

நிக்கோபார் மக்கள் அந்தத் தீவுகளின் பழங்குடிகள். தென்னை, தாழம்பழம், கிழங்கு, மீன், பன்றி இவையே அவர்களின் வாழ்வு. கார் நிக்கோபாரில் துஹேத் என்னும் கூட்டுக் குடும்ப முறை உண்டு. நிலமும் தென்னையும் துஹேத்துக்குப் பொதுவானவை. ஒரு வீட்டில் துன்பம் என்றால் துஹேத் முழுவதும் வந்து நிற்கும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கி வந்தது. கரையோரக் கிராமங்கள் அழிந்தன. தென்னைகள் சாய்ந்தன. ஏராளமானோர் இறந்தார்கள். டிரிங்கட் தீவில் தப்பியவர்கள் தங்கள் தீவையே விட்டுக் கமோர்ட்டா தீவுக்குப் போக நேர்ந்தது. கார் நிக்கோபாரில் தங்கியவர்கள் கரையை விட்டு உள்ளே போனார்கள். முதலில் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள்.

அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். தீவை விட்டு வெளியேறி முகாமில் இருந்தவர்களையும், தங்கள் தீவிலேயே தங்கியவர்களையும் பார்த்தார்கள். வெளியேறியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு மனநோய் இருந்தது. தங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இருந்தது. சொந்த மண், கூட்டுக் குடும்பம், ஊர்த் தலைவர்கள், வழிபாடு இவை தங்கியவர்களைத் தாங்கின என்று மருத்துவர்கள் கருதினார்கள். இது மனநோய்க் கணக்கு, ரத்த அழுத்தக் கணக்கு அல்ல. ஆனாலும் துணையின் பலம் இதில் தெரிகிறது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

மெல்ல மெல்ல வாழ்க்கை மாறியது. நிவாரணப் பணம் துஹேத்துக்கு வரவில்லை. தனித்தனி ஆட்களின் கைக்கு வந்தது. வீடுகளும் தனித்தனிக் குடும்பங்களுக்கே தரப்பட்டன. கூட்டுக் குடும்பம் தளர்ந்தது. புதுத் தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை என்ன செய்வது? கடைப் பொருளும் பாக்கெட் உணவும் வந்தன. சாராயமும் பெருகியது.

போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மையம் ஒன்று 1983 முதல் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் கார் நிக்கோபாரில் பெரியவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம்! பலருக்குத் தங்கள் நோயே தெரியாது.

எல்லாம் கடல் அலையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அரிசி, சர்க்கரை, உப்பு, புகையிலை எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. வயது, எடை, பரம்பரை ஆகியவையும் காரணம். ஆனால் ஒன்று தெளிவு. ஊரை விட்டு நகராதவருக்கும் இந்த நோய் வரும். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் பழைய வாழ்க்கை அவரை விட்டுப் போய்விட்டது.

கொத்தனாரின் மனைவியையும் நினைத்துப் பாருங்கள். அவர் ஊரில்தான் இருக்கிறார். வட்டிக்காரர் வருவது அவர் வாசலுக்குத்தான். மாமியாருக்கு மருந்து வாங்குவதும் அவர்தான். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்தான். இரவில் கணவரின் போன் வராவிட்டால் அவருக்கும் தூக்கம் இல்லை. கப்பல் ஏறியவர் கணவர். பாரம் சுமப்பது இருவரும். ஆகவே மனைவியும் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஊர் மாறுவதால் மட்டும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. துணை போனால், நிம்மதி போனால், நல்ல உணவு போனால் ஏறுகிறது. போனதை மீண்டும் தேடிக்கொள்ள வழி உண்டு.

1. அளந்து பாருங்கள். பெரியவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அரசு மருத்துவ நிலையத்தில் காசு வாங்க மாட்டார்கள். அளப்பதற்கு அரை மணி முன்பு டீ, பீடி வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.

2. உப்பைக் குறையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிறு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் போதும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தீனி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டுக்குப் பதில் பச்சை மீன் வாங்குங்கள். கடல் சுற்றிலும் இருக்கிறதே!

3. குடியையும் புகையிலையையும் விடுங்கள். கவலையை மறக்கக் குடித்தால் கவலை போகாது. பிரஷர் ஏறும். பணமும் போகும்.

4. மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். அளவு இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரையால்தான் அது இறங்கியது. விட்டால் மறுபடி ஏறும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

5. ஊருக்குப் போகும்போது மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் தாமதமாகலாம். கூடுதலாகப் பத்து நாள் மாத்திரை வாங்கி வையுங்கள். அதைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் ஊரில் உள்ள மருத்துவ நிலையத்திலும் தொடர்ந்து மருந்து வாங்கலாம்.

6. துணை தேடுங்கள். அறையில் ஆறு பேர் இருந்தும் ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது துணை ஆகாது. சேர்ந்து சமையுங்கள். சேர்ந்து சாப்பிடுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சங்கம், படிப்பு மையம் எங்காவது வாரம் ஒரு நாள் போங்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கும் கூட்டத்தில் சேருங்கள். மனதில் உள்ளதை ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. துணை இருக்கிறது என்று மாத்திரையை விடக் கூடாது. மாத்திரை இருக்கிறது என்று துணையை விடவும் வேண்டாம். இரண்டும் வேண்டும்.

கவலையின் வேர் கூலியிலும் கடனிலும் இருக்கிறது. அதைத் தனி ஆள் மாற்றுவது கடினம். கூடிப் பேசினால் வழி பிறக்கும். கூலி ஒழுங்காக வந்தால், விடுமுறை நாள் முன்பே தெரிந்தால், படுக்க இடம் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீரும். இவற்றைக் கேட்பதும் உடம்பைக் காப்பதுதான்.

கொத்தனார் என்ன ஆனார்?

நர்ஸம்மா மறுநாளும் அளந்தார். அதே அளவுதான் இருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். கொத்தனார் அன்று இரவு மனைவிக்குப் போன் செய்தார். முதலில் மறைக்கத்தான் நினைத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"எனக்குப் பிரஷர் இருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க. நீ பயப்படாதே."

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மனைவி சொன்னார்: "எனக்கும் இருக்குதுங்க. போன மாசமே சொன்னாங்க. நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லலை."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்திருந்தார்கள். மறைத்ததே ஒரு பாரம். அன்று முதல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரவு எட்டு மணிக்குப் போன். முதல் கேள்வி, "மாத்திரை போட்டாச்சா?" அவர் கேட்பார். இவரும் கேட்பார். பிறகுதான் வட்டிக் கணக்கு, மகள் படிப்பு எல்லாம்.

கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அளவு இறங்கி வருகிறது.

பெரியோர்களே, தாய்மார்களே! இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்கள் ரத்த அழுத்தத்தை அளந்து அந்த இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். இன்னொன்று, தூரத்தில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் "உங்க பிரஷர் எவ்வளவு?" என்று கேளுங்கள்.